ககேத்தியில் மூன்று நாள்: ஜார்ஜிய ஒயின் ஊர்களுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

துபாயிலிருந்து ஜார்ஜியத் தலைநகர் திபிலிசிக்கு விமானத்தில் மூன்றரை மணி நேரம்தான். பெருநாள் விடுமுறை வந்துவிட்டால் வளைகுடாவில் இருக்கிற நம்மாட்களில் பாதிப்பேரை அங்கே பார்க்கலாம். பனிமலை, கேபிள் கார், பழைய நகரத்தில் நாலு படம். மூன்றாம் நாள் 'ஒயின் டூர்' என்று ஒரு வேனில் ஏறி, ஒரே பகலில் ஐந்து இடம் சுற்றி, ராத்திரி தலைவலியோடு ஹோட்டலுக்குத் திரும்புகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். நாலாவது இடத்தில் ஊற்றித் தந்தது சிவப்பா வெள்ளையா என்பதுகூட இப்போது ஞாபகம் இல்லை.

அதற்கப்புறம் இரண்டு முறை நிதானமாகப் போய்வந்தேன். ஒயினைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போனாலும் பரவாயில்லை. ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம், அதில் ஒன்று வீட்டு நிலவறையாக இருக்கட்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், பயணம் தானாக அமைந்துவிடும்.

கிளம்புவதற்கு முன்

முதலில் காகிதங்கள். வளைகுடா நாடுகளின் குடியிருப்பு அனுமதி வைத்திருக்கும் இந்தியர்கள் தனி விசா இல்லாமல் போய்வர வழி இருக்கிறது. ஊரிலிருந்து நேராகப் போகிறவர்கள் விசா எடுக்க வேண்டும். இந்த விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள். அதனால் டிக்கெட் போடுவதற்கு முன் ஜார்ஜிய வெளியுறவு அமைச்சகத்தின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2026 ஜனவரி முதல் மருத்துவக் காப்பீடும் கட்டாயம். ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றையும் அச்செடுத்துக் கையில் வையுங்கள். குடியேற்ற அதிகாரி கேட்கும்போது போனில் சார்ஜ் இல்லாமல் போனால் யாரும் உதவ மாட்டார்கள்.

எப்போது போவது? நாட்டின் கிழக்கே உள்ள ககேத்திப் பகுதியில் செப்டம்பரிலிருந்து அக்டோபர் நடுவரை திராட்சை அறுவடை. அதை 'ர்த்வெலி' என்கிறார்கள். நம் ஊர்க் கதிரறுப்பு மாதிரிதான். நகரத்தில் வேலை பார்க்கிற பிள்ளைகள்கூட ஊருக்கு வந்துவிடுவார்கள். தெருவெல்லாம் திராட்சை லாரி, காற்றில் புளித்த வாசனை. பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அறைக்கு அடிதடி. சின்ன ஒயின்காரர்களுக்கு உங்களோடு உட்கார்ந்து பேசவும் நேரம் இருக்காது. என்னைக் கேட்டால் ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரைக்கும்தான் நல்ல சமயம். போன வருஷத்து ஒயினை அப்போதுதான் திறந்திருப்பார்கள், எதிரே காக்கசஸ் மலையில் பனியும் மிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் வாட்டும். குளிர்காலத்தில் பல இடங்களில் ஆள் இருக்காது.

மண்ணுக்குள் இருக்கிற பானை

ஜார்ஜியாவில் ஒயின் எப்படிச் செய்கிறார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். இல்லாவிட்டால் முதல் குவளையிலேயே 'என்ன இது, கெட்டுப்போச்சா' என்று தோன்றும்.

திபிலிசிக்குத் தெற்கே தோண்டியெடுத்த பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் தடயம் இருப்பதாக 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த ஓடுகளின் வயது ஏறக்குறைய எட்டாயிரம் ஆண்டு. இதைவிடப் பழைய திராட்சை ஒயின் தடயம் அதுவரை எங்கேயும் கிடைத்திருக்கவில்லை. அந்தப் பானையின் வாரிசுதான் இன்றைய 'க்வெவ்ரி'. முட்டை வடிவத்தில் சுட்ட மண் பானை. உள்ளே தேன்மெழுகு பூசி, கழுத்துவரை நிலத்தில் புதைத்துவிடுவார்கள். சில பானைகளில் ஆளே இறங்கி நிற்கலாம். இந்த முறையை 2013இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வழக்கமாக வெள்ளை ஒயினுக்குத் திராட்சையைப் பிழிந்து தோலை எறிந்துவிடுவார்கள். ககேத்தியில் அப்படி இல்லை. சாறு, தோல், விதை, காம்பு எல்லாம் சேர்ந்தே பானைக்குள் போகும். நொதித்து அடங்கியதும் கல் மூடி போட்டு, களிமண் பூசி, ஐந்தாறு மாதம் அப்படியே விடுவார்கள். மண்ணுக்குள் இருப்பதால் வெப்பநிலை ஏறி இறங்காது. முட்டையின் கூம்பான அடியில் விதைகள் போய்ப் படிந்துவிடும், மேலே ஒயின் தெளிந்து நிற்கும். நம் பழைய சொல்லான 'தேறல்' இந்தத் தெளிவைத்தான் குறிக்கிறது. மண்ணில் புதைத்துப் பழுக்கவைத்த தேறலைச் சங்கப் புலவர்களும் பாடியிருக்கிறார்கள். மரானிக்குள் நிற்கும்போது அது எனக்குத் தானாக ஞாபகம் வந்தது. 'மரானி' என்றால் ஒயின் வைக்கும் நிலவறை. இந்தச் சொல்லை மனதில் வையுங்கள், அங்கே நாளுக்கு இருபது தடவை காதில் விழும்.

இப்படிச் செய்த வெள்ளைத் திராட்சை ஒயின் வெள்ளையாக இருக்காது. தேன் நிறம், சில சமயம் கட்டன் சாயா நிறம். 'ஆம்பர்' என்பார்கள். வாயில் வைத்தால் துவர்க்கும். சர்க்கரை போடாத டீ, உலர்ந்த பாதாமி, மாதுளம் தோல், இப்படி ஏதோ ஒன்று நாக்கில் வரும். கடுக்காயும் நாவல்பழமும் தின்று வளர்ந்த நமக்கு இந்தத் துவர்ப்பு ஒன்றும் புதிதில்லை. முதல் வாயில் முகம் சுளித்தவர்கள் மூன்றாவது வாயில் 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது

உள்ளூர்த் திராட்சை வகைகள் ஐந்நூறுக்கு மேல் என்று சொல்கிறார்கள். உங்களுக்கு நாலு போதும். 'ர்க்கத்சிதெலி' எங்கும் கிடைக்கிற வெள்ளை. 'ம்த்ஸ்வானே' கொஞ்சம் பூ வாசனை. 'கிசி' என் விருப்பம், ஆம்பராகச் செய்திருந்தால் விடாதீர்கள். சிவப்பில் ஒன்றே ஒன்று, 'சபெராவி'. அந்தப் பெயருக்குச் சாயம் என்று பொருள். தோல் மட்டுமல்ல, சதையும் சிவப்பாக இருக்கிற அபூர்வ வகை. இதைக் குடித்தபின் செல்ஃபி எடுக்க வேண்டாம், பல் நீலமாக இருக்கும்.

குழப்பம் வருவது இங்கேதான். சில பாட்டில்களில் திராட்சையின் பெயர் இருக்காது, ஊரின் பெயர் இருக்கும். 'த்சினாந்தலி' என்றால் ர்க்கத்சிதெலியும் ம்த்ஸ்வானேயும் கலந்த வெள்ளை. 'முகுசானி' என்றால் ஓக் பீப்பாயில் வைத்த சபெராவி. 'கிந்த்ஸ்மராவுலி' என்றால் அதே சபெராவி, ஆனால் லேசான இனிப்பு. இனிப்பு பிடிக்கும் என்றால் அதில் தொடங்குங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. சோவியத் காலத்தில் அந்தத் தேசம் முழுவதும் தேடிக் குடித்தது இந்த இனிப்பு ஒயின்களைத்தான். 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. பெரிய சந்தை ஒரே நாளில் போனபின், அளவைக் குறைத்துத் தரத்தைப் பார்க்க வேண்டிய நிலை வந்தது. 2013இல் தடை நீங்கியது. இன்று நீங்கள் பார்க்கப்போகிற பல சின்ன மரானிகள் அந்த இடைவெளியில் தலையெடுத்தவை.

வண்டியும் பாதையும்

நாட்டில் ஒயின் ஊர்கள் பல உண்டு. மேற்கே இமெரேத்தியில் தோலையும் காம்பையும் குறைத்து மென்மையாகச் செய்வார்கள். வடமேற்கு மலையில் ராச்சா, அங்கே 'ஹ்வான்ச்காரா' என்ற இனிப்புச் சிவப்பு. திபிலிசிக்குப் பக்கத்திலேயே கார்த்லி. முதல் பயணத்துக்கு இவை எதுவும் வேண்டாம். கிழக்கே ககேத்தி ஒன்று போதும், நாட்டின் ஒயினில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

காரை நீங்களே ஓட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இரத்தத்தில் மது அளவுக்கு அங்கே வரம்பு ஆயிரத்துக்கு 0.3. ஒரு சுற்றுச் சுவைத்தாலே தாண்டிவிடும். போதாக்குறைக்கு ரோட்டில் மாடு நிற்கும், வளைவில் முந்துவார்கள். ஒருவர் குடிக்காமல் ஓட்டுவதாக இருந்தால் மட்டும் வாடகைக்கார் எடுங்கள். அந்த ஒருவருக்கு மூன்று நாளும் தண்டனைதான். மர்ஷ்ருத்கா என்கிற வேன் பஸ் திபிலிசியிலிருந்து ககேத்தியின் தெலாவி, சிக்னாகி ஊர்களுக்குப் போகிறது, மலிவு. ஆனால் அங்கே இறங்கியபின் ஊர் ஊராகப் போக வண்டி கிடைக்காது. நாலு பேர் சேர்ந்து டிரைவரோடு ஒரு காரை நாள் வாடகைக்கு எடுப்பதுதான் நல்லது.

அதில் ஒரு எச்சரிக்கை. எந்த மரானி, எத்தனை மணிக்கு என்று நீங்கள் முடிவுசெய்து, பெயரை ஜார்ஜிய எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். 'எனக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு இருக்கு' என்று டிரைவர் ஆரம்பித்தால் புன்னகையோடு மறுத்துவிடுங்கள். முதல் பயணத்தில் எங்களை ஒருவர் அப்படி ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். நாங்கள் வாங்கிய ஒவ்வொரு பாட்டிலுக்கும் கல்லாக்காரர் அவருக்கு ஒரு கோடு போட்டதை என் மனைவிதான் கவனித்தாள்.

முதல் நாள்: மலை தாண்டி தெலாவிக்கு

காலையிலேயே கிளம்பி கோம்போரிக் கணவாய் வழியாகப் போங்கள். 1600 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிற காட்டுப்பாதை. தலைசுற்றல் உள்ளவர்கள் மாத்திரை போட்டுக்கொள்ளலாம். இறங்கும்போது அலசானிப் பள்ளத்தாக்கு விரியும். இந்தப் பக்கம் திராட்சை வரிசைகள், அந்தப் பக்கம் சுவர் மாதிரி காக்கசஸ்.

தெலாவிக்கு முன்னால் இகால்தோ மடம் வருகிறது. புல்வெளியில் பழைய க்வெவ்ரிகள் சாய்ந்து கிடக்கும். மண்ணுக்குள் இருக்கும் பானையின் முழு உருவத்தைப் பார்க்க நல்ல இடம். அங்கிருந்து அலாவெர்டி தேவாலயம் பக்கம்தான். பதினோராம் நூற்றாண்டுக் கட்டடம், ஐம்பது மீட்டருக்கு மேல் உயரம். துறவிகள் அங்கே இன்றும் க்வெவ்ரியில் ஒயின் செய்கிறார்கள். அரைக்கால் சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள். பெண்கள் தலைக்கு ஒரு துப்பட்டா வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் நபரெவுலியில் உள்ள இரட்டையர் மரானியைப் பார்க்கலாம். உள்ளே நுழைந்து பார்க்கிற அளவுக்கு ஒரு ராட்சத க்வெவ்ரி மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் பொழுது போகும். இரவு தெலாவியில் தங்குங்கள்.

இரண்டாம் நாள்: அரண்மனையும் வீடும்

காலையில் த்சினாந்தலி. அலெக்சாந்தர் சாவ்சாவத்சே என்ற கவிஞர், படைத்தளபதி, பிரபு, அவருடைய மாளிகை. ஐரோப்பிய முறையில் ஒயினைப் பாட்டிலில் அடைப்பதை இந்த நாட்டில் தொடங்கிவைத்தவர் அவர் என்று சொல்வார்கள். வீட்டைவிடத் தோட்டம் எனக்குப் பிடித்தது. க்வரெலியில் மலையைக் குடைந்து ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரேபா நிறுவனத்தின் சுரங்கம் ஒன்று இருக்கிறது. வெளியே 35 டிகிரி அடித்தாலும் உள்ளே 12, 14தான். சட்டைக்கு மேல் ஒன்று போட்டுக்கொண்டு போங்கள். இவை இரண்டில் ஒன்று போதும், இரண்டையும் திணித்தால் மத்தியானச் சாப்பாடு போய்விடும்.

மத்தியானச் சாப்பாட்டுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தது. இரண்டு நாள் முன்னாலேயே வாட்ஸப்பில் சொல்லி, ஒரு குடும்ப மரானியில் சாப்பாட்டோடு பதிவு செய்யுங்கள். எத்தனை பேர், எத்தனை பேர் சைவம், ஒரு ஆளுக்கு எவ்வளவு, எல்லாவற்றையும் அப்போதே கேட்டு முடித்துவிடுங்கள். போய் உட்கார்ந்தபின் விலை பேசுவது அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

நாங்கள் போன வீட்டில் பெரியவர் ஒருவர் தரையில் இருந்த மணலைக் கையால் ஒதுக்கினார். கல் மூடியைப் புரட்டினார். கீழே கருப்பாக ஒரு வட்டம், அவ்வளவுதான் தெரிந்தது. சுவரில் மாட்டியிருந்த நீளக் கம்பு ஒன்றை எடுத்தார், அதன் நுனியில் காய்ந்த சுரைக்குடுக்கை. 'ஓர்ஷிமோ' என்றார். என் தாத்தா காலத்தில் கள் இறக்கியவர்களிடம் இருந்த அதே குடுக்கை, கம்பு மட்டும்தான் கூடுதல். அதை மெதுவாக உள்ளே விட்டு, கலங்காமல் மொண்டு, ஒரு மண் கிண்ணத்தில் ஊற்றித் தந்தார். விளிம்பில் ஒரு துளி வழிந்ததை விரலால் துடைத்து நாக்கில் வைத்துக்கொண்டார். பானையைக் கழுவ செர்ரி மரப்பட்டையை அடுக்கிச் செய்த தூரிகையையும் காட்டினார். ஒயின் செய்வதில் பாதி வேலை பானை கழுவுவதுதான் என்பது அவருடைய கருத்து.

சைவர்கள் பயப்பட வேண்டாம். மண்சட்டியில் வேகவைத்த காராமணி மாதிரி 'லோபியோ', வால்நட் விழுது வைத்துச் சுருட்டிய கத்தரிக்காய், கீரையை வால்நட்டோடு இடித்த 'ப்காலி', சீஸ் ரொட்டி 'கச்சாபுரி', தந்தூர் அடுப்பில் ஒட்டிச் சுட்ட நீள ரொட்டி. கொத்தமல்லித் தழை தாராளம். ஒரு மசாலாவில் வெந்தய வாசனை வரும். வெந்தயத்துக்குத் தங்கச்சி முறையான ஒரு செடி அது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்கு 'அந்நிய வாசனைப் பொடி' என்று அர்த்தம். புளிக்குப் பதில் ப்ளம் பழத்தில் செய்த 'த்கெமலி' சட்னி.

இப்படியொரு விருந்துக்கு 'சுப்ரா' என்று பெயர். மேசைக்குத் தலைவர் ஒருவர் இருப்பார், 'தமதா'. அவர் எழுந்து அமைதிக்காக, முன்னோருக்காக, பிரிந்தவர்களுக்காக என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தபின்தான் குவளையைத் தூக்க வேண்டும். முந்திக்கொண்டு குடித்தால் மரியாதை இல்லை. 'காவுமார்ஜோஸ்' என்று எல்லோரும் சொல்வார்கள், நீங்களும் சொல்லுங்கள். அவர் உங்களைப் பார்த்து 'அலாவெர்டி' என்றால் அது தேவாலயத்தைப் பற்றி அல்ல, அடுத்து நீங்கள் பேச வேண்டும் என்று பொருள். தமிழிலேயே பேசுங்கள். நான் அம்மாவைப் பற்றி நாலு வரி பேசினேன், ஒரு சொல் புரியாமலேயே பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எவ்வளவு குடிப்பது

சுவைக்கத் தருவதை முழுக்கக் குடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மேசையில் ஒரு ஜாடி இருக்கும், மிச்சத்தை அதில் ஊற்றலாம், துப்பவும் செய்யலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஒரு குவளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். வெள்ளை, பிறகு ஆம்பர், கடைசியில் சபெராவி என்ற வரிசையில் கேளுங்கள். சபெராவிக்குப் பிறகு வெள்ளையைக் குடித்தால் தண்ணீர் மாதிரி இருக்கும்.

முடிவில் சின்னக் குவளையில் நிறமில்லாமல் ஒன்று வரும். அது ஒயின் அல்ல, 'சாச்சா'. பிழிந்த சக்கையிலிருந்து காய்ச்சி வடித்தது. வீட்டுச் சரக்கு ஐம்பது சதவீதத்தைத் தாண்டும். ஒன்று போதும், இரண்டாவதுக்கு உள்ளங்கையைக் குவளைமேல் வைத்துவிடுங்கள். குடிக்காதவர்கள் யாராவது கூட இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், திராட்சைச் சாறோ 'தர்ஹூன்' என்கிற பச்சை நிற சோடாவோ கொண்டுவந்து வைப்பார்கள்.

மூன்றாம் நாள்: சிக்னாகி வழியாகத் திரும்புதல்

சிக்னாகி குன்றின்மேல் மதில் சூழ்ந்த சின்ன ஊர். சுற்றுலாக்காரர்கள் அதிகம், விலையும் அதிகம், ஆனால் மதில்மேல் ஏறி நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். பக்கத்தில் போத்பே மடம், அங்கே ஜார்ஜியாவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த புனித நினோவின் கல்லறை. திராட்சைக் கொடிகளைத் தன் கூந்தலால் கட்டி அவர் சிலுவை செய்தார் என்று நம்புகிறார்கள். அதனால்தான் ஜார்ஜியத் திருச்சபையின் சிலுவைக்குக் கைகள் சற்றுத் தொங்கியிருக்கும். ஊருக்குள் ஒரே ஒரு இடத்தில் சுவைத்துவிட்டு மாலைக்குள் திபிலிசி. வழியில் ரோட்டோரம் நூலில் கோத்த வால்நட்டைத் திராட்சைப் பாகில் முக்கித் தொங்கவிட்டிருப்பார்கள், 'சுர்ச்கேலா'. பல நாள் தாங்கும், வீட்டுக்கு வாங்க ஏற்றது.

கொண்டுவருவது

ரோட்டோரம் பிளாஸ்டிக் பாட்டிலில் விற்கிற வீட்டு ஒயினை அன்றைக்கே குடித்து முடிக்கலாம், ஊருக்கு எடுத்துவர வேண்டாம். கண்ணாடிப் பாட்டில்களைச் செக்-இன் பெட்டியில்தான் வைக்க முடியும். ஒவ்வொன்றையும் காற்றுக்குமிழ் உறையில் சுற்றி, அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, துணிக்கு நடுவில் வையுங்கள். நான் வெறும் துண்டில் சுற்றி வைத்தேன். உடைந்தது சபெராவி. பெயர்க்காரணத்தை என் வெள்ளைச் சட்டைகளில் தெரிந்துகொண்டேன்.

துபாய்க்குள் ஒருவர் நாலு லிட்டர்வரை கொண்டுவரலாம். சவுதிக்கும் குவைத்துக்கும் ஒரு சொட்டுகூடக் கூடாது. அந்த வழியாக மாறிப் போகிறவர்கள் பாட்டிலே வாங்காதீர்கள். இந்தியாவுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் வரி இல்லாமல். ஒரு பாட்டில் 750 மில்லி என்பதால் மூன்று எடுத்தால் கணக்கு மீறும். ஒரு ஆம்பர் கிசி, ஒரு முகுசானி எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருக்கிற அரை லிட்டருக்குச் சாச்சா பாட்டில் ஒன்று சரியாக அடங்கும்.